கராஜில் ஆச்சி

எடிசன், நியூ ஜெர்சி
12-4-1997

அன்புள்ள நாகலக்ஷ்மி அத்தைக்கு,

வள்ளி எழுதுகிறேன். தொண்டையைத் தவிர மற்றதெல்லாம் சுகம். ஏப்ரல் வந்தும் இங்கே குளிர் விட்டபாடில்லை. நீங்களும் ரோஷினியும் எப்படி இருக்கிறீர்கள்? சேனாபதி மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன வாரம் மூன்று முறை கூப்பிட்டேன். இரண்டு முறை ஆன்சரிங் மெஷின் பேசியது. மூன்றாவது முறை நீங்கள் எடுத்தீர்கள். நான் "பெட்டி" என்று ஆரம்பித்ததுமே, அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டீர்கள். கடிதத்துக்குப் பால் பொங்காது, அதனால்தான்.

ஆச்சி போய் நாற்பது நாள் தாண்டிவிட்டது. இரண்டு நாள் லீவில் ஹூஸ்டன் வந்தேன், மின்மயானத்தில் நின்றேன், திரும்பிவிட்டேன். இரண்டாயிரமாம் வருஷம் வந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பழைய புரோகிராம்களில் தேதி திருத்துகிற வேலை எனக்கு. இங்கே யாருக்கும் பாட்டி செத்தது பெரிய விஷயமில்லை. இப்போதுதான் உட்கார்ந்து அழுகிறேன்.

அழும்போதே சிரிப்பும் வந்துவிடுகிறது. எத்தனை கூப்பிட்டும் அவள் நியூ ஜெர்சிக்கு வரவே இல்லை, பார்த்தீர்களா? "ஏட்டி, அது வடக்கு. எந்த நாட்டுலயும் வடக்கத்தியானுக்கு மரியாத தெரியாது. இங்கன டெக்சாஸ்காரனப் பாரு, ஒத்த ஆளப் பாத்தாலும் 'யால், யால்'னு எல்லாரையும் சேத்துல்லா கூப்பிடுதான். தெக்கத்திக்காரன் எங்க இருந்தாலும் தெக்கத்திக்காரன்தாம்ட்டி" என்றாள். புடவைக்குக் கீழே ஸ்னீக்கர்ஸ், தலையில் மாமாவின் கௌபாய் தொப்பி என்று கால்வெஸ்டன் கடற்கரையில் நிற்கிற போட்டோ என் மேஜையில் இருக்கிறது.

காஞ்சிபுரத்துக்காரி என்று உங்களை அவள் விட்டதே இல்லை. 'வடக்கத்தி மருமக' என்பதுதான் உங்கள் பெயர். உங்களைப் போலவே பேசிக் காட்டுவாள். நீங்கள் படித்தவர், உங்கள் வாயில் வராத "இன்னா", "இட்டுனு போ" எல்லாம் அவள் வாயில் அச்சு அசலாக வரும். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். நீங்கள் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஆடி அமாவாசை. அன்று பாபநாசத்தில் தாமிரபரணியில் ஆச்சியின் அஸ்தியைக் கரைக்கவேண்டும் என்று அம்மா பாளையங்கோட்டையில் காத்திருக்கிறாள். ஜூலைக் கடைசியில் நான் ஊருக்குப் போகிறேன். அஸ்திப் பெட்டியை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.
உங்கள் வள்ளி


ஹூஸ்டன்
3-5-1997

அன்புள்ள வள்ளிக்கு,

அத்தையின் ஆசிகள். மாமா சுகம். ரோஷினிக்குப் பரீட்சை. தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. மிளகு ரசம் வைத்துக் குடி, புளியைக் குறைத்துக்கொள். இங்கே இப்போதே வெயில் தாங்கவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து என் தம்பி சந்தானம் கடிதம் போட்டிருக்கிறான். அங்கேயும் வெயில்தானாம், கோடை மழை ஒரு நாள் தூறலோடு சரியாம்.

உன் ஆச்சி என்னைப் பேசிக் காட்டியதில் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. உனக்கு ஞாபகம் இல்லாவிட்டாலும் நானும் சிரித்திருக்கிறேன்.

அம்மா உனக்கு வரன் பார்ப்பதாக மாமா சொன்னார். நல்லபடியாக அமையட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அன்புடன் அத்தை


எடிசன்
10-5-1997

அன்புள்ள அத்தைக்கு,

கொப்பளித்தேன், தொண்டை சரியாகிவிட்டது. உங்கள் உடம்பும் சௌகரியம் என்று நம்புகிறேன்.

தொண்டை, ரசம், வெயில், வரன் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பெட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. வரன் கேட்டீர்களே, அம்மா மூன்று ஜாதகம் அனுப்பியிருக்கிறாள். மூன்றும் நம்ம ஆட்கள், சுத்தத் தெற்கத்திப் பையன்கள். ஆச்சியின் பேத்தியை வேறு யாருக்கும் கொடுப்பதாக இல்லையாம்.

நேற்று போனில் ரோஷினியிடம் கேட்டேன். பெட்டி கராஜில், புல் வெட்டுகிற மெஷினுக்குப் பக்கத்து ஷெல்பில் இருக்கிறதாம். வீட்டுக்குள் அஸ்தியை வைக்கக்கூடாதுதான், எனக்கும் தெரியும். ஆனால் இன்னொன்றும் சொன்னாள். "மாம் கோஸ் தேர் எவ்ரி மார்னிங். ஷி டாக்ஸ் டு இட்." உயிரோடு இருந்தபோது அவளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர், இப்போது தினமும் கராஜில் என்ன பேசுகிறீர்கள்?

மெமோரியல் டே லீவுக்கு வருகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று, சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு வந்து இறங்குவேன்.

வள்ளி


எடிசன்
1-6-1997

அத்தைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக் கொடுத்த புளியோதரை நன்றாக இருந்தது. வீட்டில் எல்லாரும் சௌகரியமாக இருப்பீர்கள்.

இனி நேரடியாகவே எழுதுகிறேன். கராஜ் ஷெல்பில் பெட்டி இல்லை. பெட்டி இருந்த இடத்தில் தூசி இல்லாமல் ஒரு சதுரம் மட்டும் இருந்தது. கேட்டதற்குக் கோயிலில் கொடுத்து வைத்திருக்கிறேன் என்றீர்கள். திங்கட்கிழமை உங்களுக்குத் தெரியாமல் கோயிலுக்குப் போன் பண்ணினேன். "அஸ்தியெல்லாம் நாங்க வாங்கி வெக்கிறதே கெடையாதும்மா" என்றார் குருக்கள். மாமாவைக் கேட்டால், "எல்லாம் உங்க அத்தை பொறுப்புலதான் இருக்கு, அவளயே கேளு" என்று டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஏர்போர்ட்டில் என்னை இறக்கிவிடும்போது என் முகத்தையே நீங்கள் பார்க்கவில்லை. சூட்கேசை நானே எடுக்கிறேன் என்றால் கேட்காமல், ஓடிவந்து நீங்களே டிக்கியைத் திறந்து எடுத்து, மறுபடி பூட்டிவிட்டீர்கள். அவ்வளவு அவசரம் என்னை அனுப்ப.

எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது, எழுதிவிடுகிறேன். இருபது வருஷம் ஆச்சி உங்களை வடக்கத்தியாள் என்று கேலி பண்ணினாள். இப்போது அவளை அவளுடைய தெற்குக்குப் போகவிடாமல் வைத்திருக்கிறீர்கள். கால்வெஸ்டன் கடலில் கொட்டியாயிற்று என்றால் அதையாவது சொல்லிவிடுங்கள்.

வள்ளி


ஹூஸ்டன்
20-6-1997

அன்புள்ள வள்ளிக்கு,

ஆசிகள். நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். எனக்குத்தான் இரண்டு நாளாகத் தலைசுற்றல், வெயிலாக இருக்கும்.

கோயில் என்று சொன்னது பொய். மன்னித்துக்கொள். பெட்டி பத்திரமாக இருக்கிறது, கடலில் எதுவும் கொட்டவில்லை. ஆனால் ஆடி அமாவாசைக்கு அதைத் தரமுடியாது. ஏன் என்று கேட்காதே. கேட்டால் இன்னொரு பொய்தான் சொல்லவேண்டி வரும், எனக்கு அது சரியாக வருவதும் இல்லை.

ஊருக்குப் போனால் அங்கே மழை எப்படி என்று எழுது. உங்கள் பக்கம் இல்லை, செங்கல்பட்டுப் பக்கம். ரயிலில் போகும்போது பாலாற்றுப் பாலம் வரும். தண்ணீர் இருக்கிறதா என்று பார்.

அன்புடன் அத்தை


பாளையங்கோட்டை
9-8-1997

அத்தைக்கு,

அம்மாவும் அப்பாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி. நலம் விசாரிப்பு இதோடு முடிந்தது.

பாலாற்றைப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. பசங்கள் மணலில் கிரிக்கெட் ஆடுகிறார்கள், லாரிகள் மணல் அள்ளுகின்றன. ஆச்சியின் அஸ்தியை நான் கேட்டால் நீங்கள் ஆற்றுமணலை விசாரிக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையிலேயே தலைசுற்றல்தான் போலிருக்கிறது.

ஆடி அமாவாசைக்கு பாபநாசம் போனோம். படித்துறை முழுக்கக் கூட்டம். அஸ்தி இல்லாமல், மாமாவும் இல்லாமல், அப்பாதான் எள்ளும் தண்ணீரும் விட்டார். ஐயர் ஆச்சியின் பெயர் கேட்டார், உலகம்மாள் என்றோம். ஆச்சியுடைய அம்மாவின் பெயர் கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை. ஐயர் ஏதோ ஒரு பொதுப்பெயரைச் சொல்லி முடித்துவைத்தார்.

வீட்டுக்கு வந்தபிறகு அம்மா சொன்னாள்: "அம்மையோட அம்மை பேரு தெரியாத மக நானு ஒருத்திதாம்ட்டி." ஆச்சிக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அவளுடைய அப்பா அம்மா கொழும்பில் வியாபாரம் செய்த இடத்தில் காலராவில் போய்விட்டார்கள். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். இவ்வளவு பேசுகிறவள், பிறந்த வீட்டைப் பற்றி இதற்கு மேல் ஏன் பேசவில்லை என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது. அவளுடைய பிறந்த வீட்டு ஆட்கள் ஒருத்தர்கூட எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வந்ததில்லை.

ஒரு வருஷமாக அவள் உங்களோடு இருந்தாள். உங்களிடம் ஏதாவது சொன்னாளா? சொன்னதை மறைக்கிறீர்களா? முன்பு பெட்டிமேல்தான் சந்தேகம் இருந்தது. இப்போது எல்லாவற்றின்மேலும் இருக்கிறது.

வள்ளி


எடிசன்
12-10-1997

நாகலக்ஷ்மி அத்தைக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. நலமாகத்தான் இருப்பீர்கள். ஹில்கிராஃப்ட் தெருவில் இந்தியக் கடை கடையாக ஏறி இறங்குகிற அளவுக்கு நலமாக இருக்கிறீர்கள் என்று கேள்வி.

உங்கள் தெரு கண்மணி ஆண்ட்டி நேற்று இங்கே ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு வந்திருந்தார். "உங்க அத்தைய டிராவல்ஸ்ல பாத்தேனே, மெட்ராஸுக்கு டிக்கெட் புக் பண்ணிட்டு இருந்தாங்க. ஒரே ஒரு டிக்கெட். நான் ஹலோ சொன்னதும் பேப்பரை ஹேண்ட்பேக்ல மறைச்சிட்டாங்க" என்றார். ஆடி அமாவாசைக்குப் போக முடியாதவருக்கு இப்போது மெட்ராஸில் தனியாக என்ன வேலை?

தீபாவளிக்குள் எனக்குப் பதில் வரவேண்டும். வராவிட்டால் மாமாவிடமும் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு உங்களை நான் அத்தை என்று கூப்பிடமாட்டேன்.

வள்ளி


ஹூஸ்டன்
22-10-1997

வள்ளிக்கு,

ஆசிகள். டிக்கெட் எடுத்தது உண்மை. தேதி போடாத டிக்கெட். ஐப்பசி மழை பிடித்ததும் சந்தானம் போன் பண்ணுவான், அன்றைக்கே கிளம்புவேன்.

மாமாவிடம், தம்பியைப் பார்த்துவிட்டு அப்படியே உன் அம்மாவிடம் பெட்டியைச் சேர்க்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மழைக்குக் காத்திருப்பது அவருக்குத் தெரியாது. நீ சொல்லிவிட்டால் நான் தடுக்கமுடியாது. இரண்டு மாதம் பொறுத்துக்கொள் என்று மட்டும் கேட்கிறேன். அதற்குப் பிறகு நீ என்னை எப்படிக் கூப்பிட்டாலும் சரி.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளி.
அத்தை


காஞ்சிபுரம்
14-12-1997

அன்புள்ள வள்ளிக்கு,

உனக்கு என் ஆசிகள். நான் சௌக்கியம். நீ மாமாவிடம் சொல்லவில்லை என்று தெரிந்தது. பொறுத்துக்கொண்டதற்கு நன்றி.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன செய்வாய் என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உன் ஆச்சிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்போதே அந்த வாக்கு போகிறது.

பிப்ரவரியில் அவரை நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோமே, இரண்டாவது நாள் காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. மாமா கார் பார்க் பண்ணப் போயிருந்தார். கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, ஆத்துல தண்ணி வந்துச்சா? என்னிய இட்டுனு போம்மா" என்றார். என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிக்கக்கூடச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அது எங்கள் பக்கத்துப் பேச்சு வள்ளி. பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டும் வருகிற பேச்சு.

மறுநாள் காய்ச்சல் விட்டதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி நாகா, கேட்டுட்டே இல்ல?" என்றார். கேட்டேன் என்றேன். அப்புறம் இரண்டு நாள் மத்தியானத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அவர் பெயர் உலகம்மாள் இல்லை, கன்னியம்மா. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரை ஊர். அப்பா இல்லை. அம்மா பெயர் முனியம்மா. ஆற்றில் ஒரு கல் போட்டு ஊர்த்துணி வெளுத்தவர். உன் தாத்தா அப்போது செங்கல்பட்டு ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற கிளார்க். வெளுத்த துணியைக் கொண்டுவந்து கொடுக்கிற பதினாறு வயசுப் பெண்ணை அவருக்குப் பிடித்துவிட்டது. கல்யாணம் செய்துகொண்டு விழுப்புரத்துக்கு மாற்றல் வாங்கிப் போனார். இரண்டு வருஷம் அங்கேதான் குடித்தனம். தினமும் வேலை முடிந்து வந்து தெற்கத்திப் பேச்சு சொல்லிக்கொடுப்பாராம். "தப்பாச் சொன்னா ஒம் மாமனாரு வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிப்பாரு. நானும் சிரிப்பேன். அங்கனதான் சிரிக்கப் படிச்சேன்" என்றார். பேச்சு படிந்த பிறகு புதுப்பெயர் வைத்து, கொழும்பில் அநாதையான நம்ம ஆள் என்று பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனார். கொழும்புக்குப் போய் யார் விசாரிப்பார்கள்?

நான் கேட்டேன், இத்தனை வருஷம் பயமாக இல்லையா என்று. "சிரிச்சிக்கிட்டே இருந்தா ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டாவட்டி" என்றார். முனியம்மா செத்தது இவருக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்ததாம். அன்று ஒரு கூடை ஈருள்ளி உரித்தாராம், கண்ணீர் எதற்கு என்று யாரும் கேட்காமல் இருக்க. என்னை வடக்கத்தியாள் என்று கேலி செய்தாரே, அதற்கும் காரணம் சொன்னார். அந்தச் சாக்கில்தான் அவர் வீட்டுப் பேச்சை அவரால் வாய்விட்டுப் பேசமுடிந்தது. நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நானும் எனக்குள்ளே சிரித்தேன்.

கடைசியாகக் கேட்டது ஒன்றுதான். "என்னிய எங்கம்மா கல்லாண்ட உட்டுடு. தண்ணி வர்றப்ப. ஒருத்தருக்கும் சொல்லாத, எம்புள்ளைங்களுக்குத் தெரியக்கூடாது." இதைத் தெற்கத்திப் பேச்சில் சொல்லவில்லை.

காய்ந்த மணலில் அஸ்தியைக் கொட்டமுடியுமா? அதனால்தான் மழைக்குக் காத்திருந்தேன். தினமும் கராஜில் போய், இன்றைக்கும் மழை இல்லை அத்தை என்று சொல்லிவிட்டு வருவேன். அவ்வளவுதான் நான் பேசியது. நீ வந்த மூன்று நாளும் பெட்டி என் கார் டிக்கியில் போர்வைக்குள் இருந்தது. ஏர்போர்ட்டுக்கு உன்னோடு அவரும் வந்தார்.

போன வாரம் ஆறு வந்தது. சந்தானமும் நானும் போனோம். கரையிலே ஒரு கிழவியைக் கேட்டதற்கு முனியம்மா துணி வெளுத்த துறையைக் காட்டினாள். கல்லெல்லாம் தண்ணீருக்குள் இருந்தது, எது முனியம்மாவின் கல் என்று தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன்.

முழுவதையும் அங்கேதான் விடச் சொன்னார். கையில் எடுத்தபோது, வெறும் எள்ளோடு படித்துறையில் நின்றாளே உன் அம்மா, அவள் ஞாபகம் வந்துவிட்டது. பாதியை விட்டேன். பாதியை மூடி வைத்துக்கொண்டேன். அறுபது வருஷம் அவர் தெற்கத்திக்காரியாக இருந்ததும் பொய்யில்லை. நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு பஸ் ஏறிப் பாளையங்கோட்டை போய் உன் அம்மாவிடம் பெட்டியைக் கொடுக்கிறேன்.

ஏன் உனக்குச் சொன்னேன் என்றால், உன் ஆச்சி கேலி செய்தது எனக்கு வலித்ததில்லை. நீ சந்தேகப்பட்டது வலித்தது. வாக்கைக் காப்பாற்ற அந்த வலியையும் பொறுத்திருக்கவேண்டும், என்னால் முடியவில்லை. இனி இது உன்னிடமும் இருக்கிறது.

அன்புடன்,
உன் அத்தை, நீ அப்படிக் கூப்பிடச் சம்மதித்தால்


எடிசன்
3-1-1998

என் அத்தைக்கு,

அத்தை, அத்தை, அத்தை. போதுமா? இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுகிறேன்.

நான் நலமாக இல்லை. உங்கள் கடிதம் வந்து நாலு நாளாகிறது, ஆபீசில் ஜுரம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றீர்களே, ஜலதோஷம் ஏதும் பிடிக்கவில்லையே?

நான் எழுதிய கடிதங்களை எல்லாம் கிழித்துவிடுங்கள். அந்த டிக்கியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சூட்கேசை எடுக்க நான் கையை நீட்டினேனே, ஒரு முழம் தள்ளி ஆச்சி இருந்திருக்கிறாள். அவள் இருந்திருந்தால் இதை வைத்து ஆறு மாதம் சிரித்திருப்பாள். கடைசியில் அவளை நானும் அவள் பிள்ளைகளும் தவிர எல்லாருமே அறிந்திருக்கிறார்கள், பெயர் தெரியாத அந்தக் கரையோரக் கிழவி உட்பட.

அம்மா அனுப்பிய ஜாதகங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'நம்ம ஆட்கள்' என்று பென்சிலில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். சிரித்தேன், அப்புறம் சிரிக்க முடியவில்லை. அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று ஒரு நாள் தோன்றுகிறது, கூடாது என்று மறுநாள் தோன்றுகிறது. நீங்கள் எப்படி இதைப் பத்து மாதம் தூக்கிக்கொண்டு திரிந்தீர்கள்?

பாதியை வைத்துக்கொண்டது சரிதான் அத்தை. என்னைக் கேட்டால் ரொம்பச் சரி.

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு,
வள்ளி


பாளையங்கோட்டை
31-1-1998

அன்பு மகள் வள்ளிக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். அப்பாவும் நானும் சுகம். முழங்கால் வலி தேவலை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் உன் குரல் சரியாக இல்லை.

தை அமாவாசையன்று பாபநாசத்தில் அம்மையின் அஸ்தியைக் கரைத்தோம். மனசு லேசாகிவிட்டது. ஆனால் ஒன்று இடிக்கிறது. பெட்டி கனமே இல்லை. அப்பாவும் சொன்னார். திறந்து பார்த்தால் பாதிகூட இல்லை. உன் அத்தை பெட்டியோடு வந்தபோது நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்து மாதம் வைத்திருந்துவிட்டு வந்து நிற்கிறாளே என்று ஆத்திரம். நாலு வார்த்தை கேட்டும்விட்டேன். காபியைக் குடித்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்க அண்ணி" என்றாள். அவ்வளவுதான். குற்றமில்லாதவள் எதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும்? மீதியை அவள் என்ன செய்தாள்? நீ அவளோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறாய். உனக்கு ஏதாவது தெரியுமா?

இந்தத் தடவையும் ஐயர் அம்மையோட அம்மா பெயர் கேட்டார். தெரியாது என்றேன். என்னவோ போல இருந்தது.

இன்னொரு ஜாதகம் அனுப்பியிருக்கிறேன். பதில் எழுது.
அம்மா


எடிசன்
16-2-1998

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய், படி ஏறாதே. இங்கே இரண்டு நாளாகப் பனி கொட்டுகிறது. காரைத் தோண்டி எடுக்கவேண்டியிருக்கிறது. அப்பாவின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? அங்கே மழை உண்டா?

பெட்டி கனமில்லை என்று எழுதியிருந்தாய். இந்த ஊர் மெஷினில் எரித்தால் அவ்வளவுதான் மிஞ்சும் அம்மா. நான் கூட இருந்து பார்த்தேன். நாகலக்ஷ்மி அத்தையை ஒன்றும் சொல்லாதே. அவருக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால்தான் தாமதம். அடுத்த தடவை அவர் வந்தால் உட்காரவைத்து நல்ல சாப்பாடாகப் போடு. சொதி வை, அவருக்குப் பிடிக்கும்.

ஜாதகம் வந்தது. பார்க்கலாம்.

அடுத்த அமாவாசைக்கு ஐயர் கேட்டால் தெரியாது என்று சொல்லாதே. ஆச்சியின் அம்மா பெயர் முனியம்மாள். அந்தப் பெயரைச் சொல்லி மூன்று தடவை தண்ணீர் விடச் சொல். அப்பா தயங்கினால் நீ பக்கத்தில் நின்று சத்தமாகச் சொல்லு. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்பாய். ஆச்சிதான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள், நான் மறந்திருந்தேன்.

இன்னும் நிறைய எழுத இருக்கிறது. அடுப்பில் பால் பொங்குகிறது, முடிக்கிறேன்.

வள்ளி